இழை: தெரியாமல் பரப்பும் பொய், தெரிந்தே பரப்பும் பொய் – இரண்டு சொற்கள் தேவை (வெள்ளிக்குள்)

கா. (தஞ்சாவூர்):

குழுமத்தாருக்கு வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்குக் காலநிலை மாற்றம் பற்றி ஒரு பயிற்சித்தாள் தயாராகிறது. வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஆங்கிலத்தில் மிஸ்இன்ஃபர்மேஷன், டிஸ்இன்ஃபர்மேஷன் என்று பிரிக்கிறார்கள். பொய்யென்று தெரியாமல் பரப்பினால் முதலாவது, தெரிந்தே பரப்பினால் இரண்டாவது. நம் நாளிதழ்களில் இரண்டுமே பெரும்பாலும் 'தவறான தகவல்'தான்.

தாளில் இருக்கும் எடுத்துக்காட்டு: 2021 பிப்ரவரியில் டெக்சஸில் கடுங்குளிர், மின்வெட்டு. அரசுக் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். உறைந்த காற்றாலைமேல் ஹெலிகாப்டர் எதையோ தெளிக்கும் படம் ஒன்று அப்போது இணையமெங்கும் ஓடியது, 'பசுமை மின்சாரத்தின் லட்சணம் பாரீர்' என்ற தொனியில். படமோ ஸ்வீடனில் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்தது. டெக்சஸில் காற்றாலைகளும் உறைந்தன, மறுக்கவில்லை. ஆனால் இழந்த மின்சாரத்தில் பெரும்பங்கு எரிவாயு நிலையங்களுடையது. படத்துக்கு அந்த விளக்கத்தை ஒட்டிவிட்டவர் ஒரு ரகம், நம்பி அனுப்பிய சித்தப்பா இன்னொரு ரகம். இரண்டு ரகத்துக்கும் பிள்ளைகள் வாயில் நுழைகிற மாதிரி சொல் வேண்டும்.

மு. (மதுரை):

அம்மா, தன்வினை பிறவினை இருக்கும்போது ஏன் கவலை? பால் திரிந்தது, தன்வினை. கயிறு திரித்தார், பிறவினை. 'திரிந்த தகவல்', 'திரித்த தகவல்'. முதலாவது தானாகக் கெட்டது, இரண்டாவது ஒருவர் கெடுத்தது. தொகையாக்கினால் 'திரிதகவல்', ஊரெல்லாம் திரிகிற தகவல் என்ற பொருளும் சேர்ந்துகொள்ளும். முக்காலமும் காட்டும் வினைத்தொகை!

வெ. (பெங்களூரு):

ஐயா, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வினைத்தொகையில் வல்லினம் மிகாது. திரிந்ததும் திரித்ததும் தொகையானால் ஒரே 'திரிதகவல்'தான். நமக்கு வேண்டிய வேறுபாடே போய்விடுகிறது. தொகையாக்காமல் விட்டாலோ 'ந்' 'த்' ஒன்றுதான் வித்தியாசம். கடைசி வரிசை மாணவன் காதில் அது விழாது.

த. (சேலம்):

முதலில் 'தகவல்' தமிழா என்று தீர்மானியுங்கள். வள்ளுவர் 'தக்கார் தகவிலர்' என்கிறார். தகவு நல்ல சொல். தகவு + அல் என்று பிரித்தால் தகவு அல்லாதது என்றே பொருள் வருகிறது. 'வதந்தி' பக்கமும் போகாதீர்கள். அது வடமொழி 'கிம்வதந்தி'யின் தலை வெட்டப்பட்ட உடல்.

வெ. (பெங்களூரு):

தகவு அல்லாததுதான் தகவல் என்றால் முன்னொட்டே தேவையில்லையே ஐயா. 'தகவல்' என்று மட்டும் அச்சிட்டுவிடலாம். :)

இ. (யாழ்ப்பாணம்):

வணக்கம். சொல்லைத் தேட முதல் தாளின்ர தலைப்பைப் பாருங்கோ. எங்கட பத்திரிகைகளில் மழை வெள்ளம் எண்டால் 'சீரற்ற காலநிலை' எண்டுதான் கன காலமாப் போடுறவை. ரெண்டு நாள் மழையும் காலநிலை, முப்பது வருசச் சராசரியும் காலநிலை. 2015இல் அமெரிக்க செனற்றர் ஜேம்ஸ் இன்ஹோஃப் சபைக்குள்ளே ஒரு பனி உருண்டையைக் கொண்டுவந்து காட்டி, வெளியில இவ்வளவு குளிர், வெப்பமாதல் எங்க எண்டு கேட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அந்தக் குழப்பத்தை நாங்கள் சொல்லிலேயே வச்சிருக்கிறம். வானிலை வேற, காலநிலை வேற எண்டதைத் தாளின் முதல் பெட்டியில் போடுங்கோ.

த. (சேலம்):

யாழ்ப்பாணத்து அன்பர் சொல்வது சரி. ஆனால் தமிழ்நாட்டில் பாதிப்பேர் 'பருவநிலை மாற்றம்' என்கிறார்கள். பருவம் என்றால் கார், கூதிர், முன்பனி என்று ஓராண்டுக்குள் மாறுவது. அது மாறாவிட்டால்தான் செய்தி!

ச. (கோவை):

பருவத்துக்குத் தனி இழை வைத்துக்கொள்வோம். சங்க இலக்கியத்தில் கையருகே ஓர் இணை இருக்கிறது: அம்பல், அலர். வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், ஊரறியப் பேசினால் அலர். அரும்புக்கும் மலருக்கும் உள்ள வேறுபாடு என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். ஒருவர் தொடங்கி வைப்பது அம்பல், ஊர் பரப்புவது அலர் என்று கொள்ளலாமே?

மு. (மதுரை):

அம்மா, அலர் பொய்யா? தலைவியும் தலைவனும் சந்தித்தது உண்மை. ஊர் தூற்றுவது அந்த உண்மையைத்தான். அலரைப் பொய்த்தகவல் ஆக்கினால் அகத்திணையே ஆட்டம் காணும்.

ச. (கோவை):

அதனால்தான் அது வேண்டும் என்கிறேன். ஐரோப்பிய மன்றத்துக்காக கிளேர் வார்டலும் ஹொசைன் டெரக்ஷானும் 2017இல் எழுதிய அறிக்கையில் மூன்றாவது வகை ஒன்று உண்டு, மால்இன்ஃபர்மேஷன். உண்மையையே கேடு செய்யப் பயன்படுத்துவது. 2009 நவம்பர், கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டுக்குச் சில வாரம் முன்பு, ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகக் காலநிலை ஆய்வாளர்களின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களைத் திருடி வெளியிட்டார்கள். மடல்கள் அசல். அந்த ஆய்வாளர்களில் ஒருவரான ஃபில் ஜோன்ஸ் 1999இல் எழுதிய ஒன்றில் 'ட்ரிக்' என்று ஒரு சொல். 1960க்குப் பிறகு மர வளையங்களை வைத்து வெப்பநிலையைக் கணித்த சில தரவுகள் வெப்பமானிக் கணக்கோடு ஒத்துவரவில்லை. அந்த வரைபடத்தில் வெப்பமானித் தரவைச் சேர்த்த முறையைத்தான் அவர் அப்படிச் சொன்னார். 'பார், ஒப்புக்கொண்டான்' என்று இணையம் முழுக்கக் கூச்சல். பின்னர் நடந்த விசாரணைகள் எதிலும் மோசடி நிரூபணமாகவில்லை. தரவைத் தாராளமாகப் பகிரவில்லை என்ற குறை மட்டும் நின்றது. இதை எந்தப் பெட்டியில் வைப்பீர்கள்? இது அலர்தான்.

மு. (மதுரை):

'ட்ரிக்' என்ற அந்தச் சொல்லைத் தமிழாக்கும்போதே வழக்கு முடிந்துவிடுகிறது பாருங்கள். 'உத்தி' என்றால் அவர் நிரபராதி, 'தந்திரம்' என்றால் குற்றவாளி. ஆனால் நன்னூலாரோ முப்பத்திரண்டையும் சேர்த்துத் 'தந்திர உத்தி' என்றே பெயரிட்டார்! அங்கே தந்திரம் என்றால் நூல். இதை விரித்தால்...

வெ. (பெங்களூரு):

விரிக்க வேண்டாம் ஐயா. அதே நன்னூல் சொல்லும் பத்துக் குற்றத்தில் 'மற்றொன்று விரித்தல்', அதாவது பேச்சை விட்டு வேறொன்றுக்குத் தாவுவதும் ஒன்று. கா. அம்மாவுக்கு நாளை வெள்ளி.

கா. (தஞ்சாவூர்):

வகுப்பிலேயே கேட்டுப் பார்த்தேன். யோசிக்கக்கூட இல்லை. சித்தப்பா செய்தது 'ஃபார்வர்டு', படத்துக்குக் கதை கட்டியவர் செய்தது 'உருட்டு'.

த. (சேலம்):

பாடத்தாளில் 'உருட்டு'! நாளை 'பீலா'வும் வரும்.

மு. (மதுரை):

கோபப்படாதீர்கள், பிள்ளைகள் தெரியாமலே இலக்கணம் பேசியிருக்கிறார்கள். உருள் தன்வினை, உருட்டு பிறவினை. அதே அச்சில் புரள், புரட்டு. புரள்வது புரளி, புரட்டுவது புரட்டு. தானாக உருண்டு போவது ஒன்று, ஒருவர் உருட்டிவிடுவது இன்னொன்று. திரிதலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். புரளி, புரட்டு. இரண்டும் ஊர் வழக்கில் இருக்கிற சொற்கள்.

ச. (கோவை):

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'வெடிகுண்டுப் புரளி' என்று தினமும் படிக்கிறோமே ஐயா, அது தெரிந்தே செய்வதல்லவா? 'புரளி கிளப்பினார்' என்று பிறவினைதான் பக்கத்தில் வந்து நிற்கிறது.

இ. (யாழ்ப்பாணம்):

எனக்குப் 'புரட்டு' சரி. புரளி வேண்டாம்.

வெ. (பெங்களூரு):

எனக்கும் அப்படித்தான். ஒரு சந்தேகம் மட்டும். டெக்சஸ் படம் ஒன்றுதான். ஒட்டியவர் கையில் புரட்டு, சித்தப்பா கையில் வேறு பெயர். ஆக இது செய்திக்கான பெயரல்ல, செயலுக்கான பெயர். பயிற்சியில் 'இது எது?' என்று கேட்காமல் 'யார் செய்தது எது?' என்று கேளுங்கள்.

கா. (தஞ்சாவூர்):

எல்லோருக்கும் நன்றி. தாள் அச்சகத்துக்குப் போய்விட்டது. தெரியாமல் பரப்புவதற்குப் பழைய 'தவறான தகவல்', தெரிந்தே செய்வதற்குப் 'புரட்டு'. கேள்வியை வெ. சொன்னபடி மாற்றிவிட்டேன். மின்னஞ்சல் திருட்டை எந்தப் பெட்டியிலும் வைக்காமல் தனிக் கேள்வியாகக் கொடுத்திருக்கிறேன். வானிலை, காலநிலை விளக்கம் முதல் பெட்டியில் இருக்கிறது.

ச. (கோவை):

அந்தத் தனிக் கேள்விக்குத் தலைப்பு 'அலர்' என்று வைத்திருக்கலாம். அடுத்த பதிப்பில் பார்ப்போம், நான் விடுவதாக இல்லை.

த. (சேலம்):

என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். 'தகவல்' அப்படியே இருக்கிறது. உள்ளே எங்காவது 'பருவநிலை' என்று இருந்தால் தனி இழை தொடங்குவேன்.