சிம் 10 லட்சம் காட்டுகிறது, ரெய்டில் 7 லட்சம்தான் வருகிறது: தவறு எங்கே?

கேள்வி:
வணக்கம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இணைய விளையாட்டில் டிஸ்ட்ரக்‌ஷன் வார்லாக் (நெருப்பு மந்திரவாதி) ஆடுகிறேன். சண்டையைக் கணித்துக் காட்டும் சிமுலேஷன்கிராஃப்ட் ('சிம்') மென்பொருளில் என் கியரை (ஆயுதம், கவசங்களை) ஓட்டினால் 10 லட்சம் டிபிஎஸ் (விநாடிக்குச் செய்யும் சேதம்) வருகிறது. ஆனால் நேற்று ஹீரோயிக் (கடினநிலை) ரெய்டில், அதாவது குழுச் சண்டையில், 4 நிமிடம் 20 விநாடியில் முடிந்த பாஸில் (பெரிய எதிரியில்) லாக் (சண்டைப் பதிவு) காட்டியது 7.1 லட்சம்தான். நான் சாகவில்லை, போஷனும் குடித்தேன், டேலண்டுகளும் (தேர்ந்தெடுத்த திறன்களும்) சிம்மில் போட்டவையே. மூன்று வாரமாக இப்படியே இருப்பதால், குழுவுக்குப் பாரமாகிவிட்டேனோ என்று கவலைப்படுகிறேன். மாற்ற வேண்டியது கியரையா, ஆடும் விதத்தையா?

பதில் 1:
கியரைத் தொடாதீர்கள். நீங்கள் எதையும் மாற்றாமல் ஓட்டியிருந்தால், சிம் எடுத்துக்கொள்வது சுமார் 300 விநாடி நீளும், நக்ஸ்ராமஸ் ரெய்டின் பேட்ச்வெர்க் என்ற பாஸைப் போல நின்ற இடத்தைவிட்டு அசையாத ஒரே பாஸ் கொண்ட சண்டையை. அதில் எல்லா ரெய்டு பஃபும் (குழுவினர் தரும் பலமூட்டலும்) உண்டு, குழுவையே வேகப்படுத்தும் ப்ளட்லஸ்ட் தொடக்கத்திலேயே வந்துவிடும், எந்தக் காஸ்டும் (மந்திரம் ஏவுதலும்) பெரிதாகத் தாமதமாகாது. உங்கள் ரெய்டில் ப்ளட்லஸ்ட் கடைசிக் கட்டத்துக்கு வைக்கப்பட்டிருந்தால், 40 விநாடிக்குக் கிடைக்கும் அந்த 30 சதவீத வேகம், நீங்கள் அழைக்கும் இன்ஃபெர்னல் அரக்கனோடு சேராமல் போயிருக்கும். ஆகவே முதலில் சண்டை நேரத்தை 260 விநாடியாக்கி, நகர்வைச் சேர்த்து, ப்ளட்லஸ்ட்டை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். பிறகு பயிற்சி டம்மியில் ஐந்து நிமிடம் தனியாக அடித்து, அதைப் பஃப் இல்லாத சிம்மோடு ஒப்பிடுங்கள். டம்மியில் குறைந்தால் ரொட்டேஷன் (மந்திரங்களை ஏவும் வரிசை) பிழை. டம்மியில் சரியாக வந்து ரெய்டில் மட்டும் குறைந்தால் பிழை வேறிடத்தில்.

கேட்டவர்:
செய்துபார்த்தேன். மாற்றிய சிம் 9 லட்சம் தருகிறது. டம்மியில் பஃப் இல்லாத சிம் 8 லட்சம் என்றது, எனக்கு 7.7 வந்தது. லாக்கில் 'ஆக்டிவ்' 83 சதவீதம். பிங் (இணையத் தாமதம்) 180 மில்லிவிநாடி இருப்பதால் இப்படியாகிறதா?

பதில் 2:
பிங் காரணமாக இருக்க முடியாது, ஏனெனில் டம்மியை அடித்ததும் அதே இணைப்பில்தான். மேலும், ஒரு காஸ்ட் முடிவதற்கு முந்தைய 400 மில்லிவிநாடிக்குள் அடுத்ததை அழுத்தினால் விளையாட்டே அதை வரிசையில் வைத்துக்கொள்ளும். 9 லட்சத்தில் 83 சதவீதம் என்றால் ஏறக்குறைய 7.5, ஆக, இடைவெளியின் பெரும்பகுதி நீங்கள் எதுவும் காஸ்ட் செய்யாத நேரமே. மீதியை லாக்கின் காஸ்ட் பக்கத்தில் தேடுங்கள்: இன்ஃபெர்னலை எந்தெந்த விநாடியில் அழைத்தீர்கள்?

கேட்டவர்:
0:05, 2:31. அவ்வளவுதான்.

பதில் 2:
அதன் கூல்டவுன் (மறுபடி அழைக்கக் காத்திருக்க வேண்டிய நேரம்) உங்களுக்கு 120 விநாடி. 2:05-க்கே தயாராக இருந்ததை 26 விநாடி கழித்து அழைத்ததால், 4:05-க்கு வந்திருக்க வேண்டிய மூன்றாவது இன்ஃபெர்னல் 4:31-க்குத் தள்ளிப்போனது. பாஸோ 4:20-க்கே விழுந்துவிட்டது. 2:05-ல் என்ன நடந்தது?

கேட்டவர்:
தரையில் தீவட்டம் வந்தது, ஓடிக்கொண்டிருந்தேன்.

பதில் 2:
இன்ஃபெர்னலை அழைக்க நிற்க வேண்டியதில்லை, ஓடிக்கொண்டே அழைக்கலாம். கான்ஃப்ளக்ரேட் மந்திரமும் அப்படித்தான், அதன் இரண்டு சார்ஜையும் (சேர்ந்திருக்கும் இரு வாய்ப்பையும்) நின்றபோதே செலவழித்துவிடாமல், வட்டம் வரும் நேரத்துக்கு ஒன்றை வைத்திருங்கள். நொடியில் திரும்பித் தாவ உதவும் டீமோனிக் சர்க்கிளை முன்கூட்டியே பாதுகாப்பான இடத்தில் போட்டுவைத்தால் ஓட்டமே பாதியாகும்.

கேட்டவர்:
நேற்றிரவு அதே பாஸில் மூன்று இன்ஃபெர்னல், ஆக்டிவ் 92, டிபிஎஸ் 8.3 லட்சம். மிக்க நன்றி. கான்ஃப்ளக்ரேட்டைச் சேமித்து வைப்பது மட்டும் இன்னும் கைக்குப் பழகவில்லை.