அந்த 60 சதவீதம் யாருக்கு?

மிதிவண்டிக்காரன்: நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. சென்னை மாநகராட்சி 2014-லிருந்து போக்குவரத்துப் பணத்தில் 60 சதவீதத்தை சைக்கிளுக்குக் கொட்டுகிறதாம். அந்த வருடம் வந்த மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையைப் படித்தாரா? 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து.

தி.நகர்வாசி: எழுதியது நான்தான். சேர்த்தாலும் பிரித்தாலும் 60 என்றால் 60தானே? 2019-ல் பாண்டி பஜார் நடைபாதையை அகலமாக்கினார்கள். அன்றிலிருந்து காரை நிறுத்த மூன்று சுற்று சுற்றுகிறேன். அங்கே எத்தனை சைக்கிள் ஓடுகிறது?

மிதிவண்டிக்காரன்: நடைபாதை நடக்கிறவர்களுக்கு ஐயா, அதில் சைக்கிளை ஏன் தேடுகிறீர்கள்? அப்புறம், பாண்டி பஜார் வேலை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடந்தது. அதை இந்த 60-ல் சேர்க்காதீர்கள். ஒதுக்க வேண்டும் என்று எழுதி வைப்பது வேறு, செலவு செய்வது வேறு. எங்கள் தெருவில் பால் பாக்கெட் போடுகிறவர் காலை ஐந்தரைக்கு, ஹேண்டிலின் இரண்டு பக்கமும் பை தொங்க, பஸ்ஸுக்கும் ஓரத்து ஜல்லிக்கும் நடுவே ஒற்றைக் காலை ஊன்றி நிற்கிறார். அவருக்கு என்று ஒரு முழம் பாதை உண்டா?

கணக்கன்: 60 சதவீதம் ஒதுக்கு என்று இருந்தால் ஒதுக்கித்தானே இருப்பார்கள்? சும்மா குறை சொல்லக் கூடாது.

மிதிவண்டிக்காரன்: இருப்பார்கள், இருப்பார்கள்! மெட்ரோ விவாதத்திலும் இப்படித்தான் பேசினீர்கள். பட்ஜெட்டில் அந்த 60-ஐக் காட்டுங்கள்.

வேளச்சேரி அக்கா: அரசு சைக்கிளுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று பேசாதீர்கள். பதினொன்றாம் வகுப்பில் எனக்குப் பள்ளியில் சைக்கிள் கொடுத்தார்கள். அது இல்லாவிட்டால் நான்கு கிலோமீட்டர் நடந்து படிப்பை விட்டிருப்பேன்.

தி.நகர்வாசி: அந்த சைக்கிளைப் பாதிப் பேர் விற்றுவிடுகிறார்கள்.

வேளச்சேரி அக்கா: யார் விற்றார்கள்? நீங்கள் பார்த்தீர்களா? என் தங்கை இன்னமும் அதே சைக்கிளில்தான் ரேஷன் கடைக்குப் போகிறாள். செயினை மட்டும் இரண்டு முறை மாற்றினோம்.

மிதிவண்டிக்காரன்: அக்கா, ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. அது மாணவர் நலத் திட்டம், சாலைப் பணம் இல்லை. வண்டி கொடுத்தால் போதுமா, ஓட்டப் பாதை வேண்டாமா?

வேளச்சேரி அக்கா: உங்களுக்குப் பாதை பெரிது. எங்களுக்கு வண்டியே பெரிது.

தி.நகர்வாசி: பாதை போட்டாலும் அதில் ஆட்டோ நிற்கும்.

மிதிவண்டிக்காரன்: உங்கள் கார் முதலில் நிற்கும். சரி, பேச்சை மாற்றாதீர்கள். 60 சதவீதமும் சைக்கிளுக்கு என்று எழுதினீர்களே, அந்த வரியைத் திருத்துங்கள்.

தி.நகர்வாசி: திருத்த மாட்டேன். 60 என்றால் 60தான்.

கணக்கன்: மெட்ரோவை ஏன் இழுத்தீர்கள்? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.