பிளக்கார்டுக்கு ‘அபாயக்குறி’ போதும், ‘பதாகை’ வேண்டாம்

வணக்கம்.

டேங்கர் லாரிகளிலும் ரசாயனம் ஏற்றும் வண்டிகளிலும் ஒட்டுகிற எச்சரிக்கை அடையாளமான பிளக்கார்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இங்கே நடக்கும் பேச்சில் இதுவரை வந்த சொற்களை எல்லாம் படித்துப் பார்த்தேன். ‘தீங்குப்பொருள் அறிவிப்புப் பதாகை’, ‘இடர்ப்பலகை’, ‘நச்சுப்பலகை’, ‘ஏதச்சுட்டி’. எனக்கு வீடு திருவொற்றியூரில். மணலி விரைவுச்சாலையிலும் எண்ணூர் விரைவுச்சாலையிலும் இந்த வண்டிகளுக்கு நடுவில்தான் நாங்கள் பைக் ஓட்டுகிறோம், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறோம். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு ‘அபாயக்குறி’க்கு.

முதலில் பொருளைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வந்திருக்கும் சொற்கள் பலவும் இரண்டு மூன்று பொருள்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன. தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்கிலிருந்து வெளியே வருகிற பெட்ரோல் டேங்கரின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரு முனை மேலே நிற்கும் சிவப்புச் சாய்சதுரம், உள்ளே தீச்சுடர் படம், கீழ்முனையில் 3 என்ற எண். விதியில் இதற்குப் பெயர் கிளாஸ் லேபிள். அந்தச் சாய்சதுரத்தையும் சேர்த்துப் பெரிய செவ்வகமாக ஒரு பலகை இருக்கும். அதில் சரக்கின் பெயர், 1203 என்ற ஐ.நா. எண் (எந்தப் பொருள் என்று சொல்லும் நான்கு இலக்க எண்), தீயணைப்பவர்களுக்கு ‘3 ஒய் இ’ (3YE) என்று ஒரு குறியீடு, தீயணைப்பு அல்லது போலீஸ் எண், சரக்கை அனுப்பியவரின் எண் எல்லாம் இருக்கும். இது எமர்ஜென்சி இன்ஃபர்மேஷன் பேனல். மூன்றாவதாக டிரைவர் கேபினில் டிரெம் கார்டு என்று ஒரு தாள், விபத்து நடந்தால் என்ன செய்வது என்று சொல்வது. மூன்றும் வேறு வேறு. மூன்றுக்கும் ‘பலகை’ என்றே எழுதினால், இந்த வண்டிகளின் டிரைவர்களுக்குக் கட்டாயமாக நடத்தப்படும் 3 நாள் பயிற்சி வகுப்பில் தமிழில் பாடம் எடுப்பவர் என்ன செய்வார்?

ஆகவே சாய்சதுரத்துக்கு ‘அபாயக்குறி’, செவ்வகத்துக்கு ‘அவசரத் தகவல் பலகை’, சுருக்கமாக ‘அவசரப் பலகை’, கேபினில் இருப்பதற்கு ‘அவசர அட்டை’. பிளக்கார்டு என்று பிற நாட்டு விதிகள் சொல்வதும் வண்டியில் ஒட்டுகிற பெரிய சாய்சதுரத்தைத்தான், அதனால் அதற்கும் அபாயக்குறியே சரியாக வரும். பேரலிலும் பெட்டியிலும் ஒட்டுகிற சின்னதைப் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘பொதிக்குறி’, ‘வண்டிக்குறி’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

‘பதாகை’ ஏன் வேண்டாம்? எங்கள் பக்கம் பதாகை என்றால் கல்யாணத்துக்கும் காதணி விழாவுக்கும் கட்டுகிற பேனர்தான். கட்டுவார்கள், நாளைக்கு அவிழ்த்துவிடுவார்கள். வண்டியில் இருப்பது அப்படி இல்லை. அழுக்குப் படியாமல், எதுவும் மறைக்காமல், எப்போதும் தெரியும்படி வைத்திருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 134ஆம் விதி சொல்கிறது. (நடைமுறை வேறு. மணலி சாலையில் தார்ப்பாய்க் கயிறு குறுக்கே போய் ஐ.நா. எண்ணின் நான்கு இலக்கத்தில் கடைசி இரண்டும் தெரியாத வண்டிகளை நானே பார்க்கிறேன். குட்டியானையில் ஆசிட் கேன்களை அடுக்கி, ஒரு குறியும் இல்லாமல் போகிறவர்களும் உண்டு. அது தனிக் கோபம்.) ‘நச்சு’ என்பதும் தவறு. இந்தச் சரக்குகளைப் பிரித்திருக்கும் ஒன்பது வகுப்புகளில் நஞ்சு ஒரு பகுதிதான். பெட்ரோல் 3ஆம் வகுப்பு, எரியும் திரவம். கந்தக அமிலம் 8ஆம் வகுப்பு, அரிப்பது. சமையல் எரிவாயு 2.1. குளோரின் 2.3, இதை வேண்டுமானால் நச்சு என்று சொல்லலாம்.

இப்போது ‘அபாயம்’ வடசொல், வேண்டாம் என்று இந்தப் பேச்சில் ஐயா ஒருவர் எழுதியதற்கு வருகிறேன். உண்மைதான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் மண்டையோட்டுப் படத்தோடு இந்தச் சொல்லைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் கையை எடுக்கிறார்கள். ‘இடர்’ நல்ல சொல், ஆனால் அதைப் பேரிடர், இடர் மேலாண்மை என்று வேறு வேலைக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டோம். ரிஸ்க் (தீங்கு நேரும் வாய்ப்பு) என்பதற்கு இடர் என்றும், ஹஸார்டு (தீங்கு தரக்கூடியது) என்பதற்கும் இடர் என்றும் எழுதினால் பாதுகாப்புப் பாடத்தில் ஒரு வாக்கியம்கூட நிற்காது. ‘ஏதம்’ (கேடு) அழகான பழஞ்சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் டேங்கர் கவிழ்ந்து கிடக்கும்போது சாலையில் நிற்கிற டீக்கடைக்காரருக்கு அது புரிய வேண்டும்.

அந்த டீக்கடைக்காரர்தான் எனக்கு முக்கியம். 2025 ஜனவரி 3 அன்று கோவை மேம்பாலத்தில் சமையல் எரிவாயு டேங்கர் கவிழ்ந்து வாயு கசிந்தது, சுற்றியுள்ள பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். இங்கே 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். அது கடலடிக் குழாய், வண்டி இல்லை, ஆனால் அதே அம்மோனியா சாலையிலும்தான் போகிறது. இப்படி ஒரு நேரத்தில் முதலில் போன் செய்கிறவர் பக்கத்தில் நிற்கிற யாரோ ஒருவர். போனின் மறுமுனையில் இருக்கும் அதிகாரி “கிட்டே போகாதீங்க, தூரத்துல இருந்தே அபாயக்குறியில என்ன நம்பர்னு பார்த்துச் சொல்லுங்க, பலகையில நாலு நம்பர் இருக்கும், அதையும் சொல்லுங்க” என்று கேட்டால் உடனே புரியும். 1203 என்றால் பெட்ரோல், 1005 என்றால் அம்மோனியா, 1017 என்றால் குளோரின். ‘3 ஒய் இ’யில் 3 என்றால் நுரை அடிக்க வேண்டும், ஏனென்றால் வெறும் தண்ணீரைப் பீய்ச்சினால் பெட்ரோல் அதன் மேல் மிதந்து தெருவெங்கும் தீயைக் கொண்டுபோகும். கடைசியில் இருக்கும் ‘இ’ என்றால் சுற்றி இருப்பவர்களை வெளியேற்றுவது பற்றி யோசிக்க வேண்டும். தண்டையார்பேட்டைச் சந்துகளில் அந்த ஓர் எழுத்து எத்தனை குடும்பம் என்று யோசித்துப் பாருங்கள்.

‘குறி’யில் இன்னொரு வசதி, அது வினையாகவும் வரும். ‘வண்டிக்குக் குறியிடு’, ‘குறியிட்ட வண்டி’, ‘குறியில்லா வண்டிக்கு அபராதம்’. பதாகையை வைத்து இப்படி எழுதிப் பாருங்கள், ஓடாது. டேஞ்சரஸ் கூட்ஸ் என்பதற்கு ‘அபாயச் சரக்கு’ என்று வைத்துக்கொள்வோம். சரக்கு என்றால் மதுவாகத் தோன்றும் என்று ஒருவர் தயங்கினார். மாதவரம் லாரி நிலையத்தில் போய்க் கேளுங்கள், லோடு என்பார்கள், சரக்கு என்பார்கள், வேறு எதுவும் சொல்ல மாட்டார்கள்.

சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க 134ஆம் விதியின் சாரத்தை எழுதிப் பார்த்தேன்: “அபாயச் சரக்கு ஏற்றும் ஒவ்வொரு வண்டியிலும் இரு பக்கமும் பின்புறமும் தெரியும்படி அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும். அதில் சரக்கின் பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்திலும், வகுப்பு எண் 100 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்திலும், அபாயக்குறி 250 மில்லிமீட்டர் சதுரத்துக்குக் குறையாமலும் அமைய வேண்டும்.” எனக்கு இடறவில்லை. உங்களுக்கு எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.

ஹாஸ்கெம் கோடுக்கு, அதாவது அந்த ‘3 ஒய் இ’ போன்ற குறியீட்டுக்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘மீட்புக் குறியீடு’ என்று இங்கே அக்கா ஒருவர் சொன்னது நெருங்கி வருகிறது, ஆனால் குறி, குறியீடு இரண்டும் ஒரே பலகையில் வந்தால் வகுப்பில் மாறிப்போகும். ‘தீயணைப்பு எழுத்து’ என்று வைத்தால் சரியாக வருமா?