மெத்தடோன் கொடுத்தால் போதுமா? மொரீஷியஸில் சிகிச்சையின் தரம் எங்கே சறுக்குகிறது?

வேலன், ரோஸ்ஹில்:
பிரவுன் ஷுகர், அதாவது ஹெராயின், ஊசியால் எச்.ஐ.வி. பரவியதால்தான் 2006-ல் இங்கே அதற்கு மாற்றாகக் குடிக்கும் மருந்தான மெத்தடோன் வந்தது. அந்த வேலையை அது செய்தது, மறுக்கவில்லை. ஆனால் விடிந்ததும் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் வரிசை, ஒரு கப் மருந்து, பிறகு வீடு. ஆலோசகர் முகத்தையே பார்க்காமல் வருடக்கணக்கில் இப்படிக் குடிப்பதைச் சிகிச்சை என்று எப்படிச் சொல்வது? அந்தப் பணத்தில் உறைவிட மையம் நடத்தலாம். மூன்று மாதம் தங்கி, சுத்தமாகி வரட்டும்.

மீனாட்சி, வக்வா:
வேலன் அண்ணா, எனக்குப் பயமே அந்த "சுத்தமாகி" என்கிற வார்த்தைதான். மூன்று மாதத்தில் உடம்பு பழைய தாங்குதிறனை இழந்துவிடும். வெளியே வந்த முதல் வாரம் பழைய அளவை ஏற்றினால் மூச்சு நின்றுபோகும். 2015-ல் மெத்தடோனுக்குப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தி, சூபோக்சோன் என்ற வேறொரு மாற்று மருந்து, பிறகு ஹெராயினின் வேலையைத் தடுக்கும் நால்ட்ரெக்சோன் என்று போனதை மறக்கலாமா? நால்ட்ரெக்சோன் மாத்திரையை விட்டுவிட்டால் தடுக்க எதுவும் இருக்காது, தாங்குதிறனும் போயிருக்கும். கடைசியில் மெத்தடோனுக்கே திரும்பி வந்தோம்.

கோளாறு மருந்தில் இல்லை, அளவில். முதல் நாள் 20, மிஞ்சிப்போனால் 30 மில்லிகிராம். பிறகு சில நாளுக்கு ஒருமுறை 5 அல்லது 10 கூட்ட வேண்டும். மெத்தடோன் உடம்பில் மெதுவாகச் சேரும், அதனால் அவசரப்பட்டால் மூன்றாம், நான்காம் நாளில்தான் ஆபத்து. முதல் இரண்டு வாரம் தினமும் ஆளைப் பார்த்தே கொடுக்க வேண்டும். ஆனால் பயந்துகொண்டு 40-லேயே நிறுத்துவதும் தவறு. பெரும்பாலோருக்கு 60 முதல் 120 வரை தேவைப்படும். குறைந்தால் சாயங்காலமே கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், கால் குடைச்சல். அவர் பிரவுன் ஷுகரை மேலே சேர்த்துக்கொள்வார், ஊர் "மெத்தடோன் பலிக்கவில்லை" என்று சொல்லும்.

இன்னொன்று: காசநோய்க்கு ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி.க்கு எஃபாவிரென்ஸ் தொடங்கினால் மெத்தடோன் சீக்கிரம் கரைந்துவிடும், அளவைக் கூட்டணும். ரிஃபாம்பிசினை நிறுத்தும்போது மறுபடி இறக்கணும், இல்லாவிட்டால் மயக்கம். மெத்தடோன் கிளினிக்கும் காசநோய், எச்.ஐ.வி. கிளினிக்கும் பேசிக்கொள்ளாததால்தான் இது நடக்கிறது.

வேலன், ரோஸ்ஹில்:
அளவு விஷயம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். அடுத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொல்வீர்கள், அதில் உடன்பட மாட்டேன். 10 மில்லிகிராமே ஒரு சின்னக் குழந்தையின் உயிரைப் பறிக்கும். விற்கவும் செய்வார்கள்.

மீனாட்சி, வக்வா:
எல்லோருக்கும் என்று சொல்லவில்லை. மாதக்கணக்கில் தவறாமல் வந்து, அளவு நிலைப்பட்டு, வீட்டில் பூட்டும் பெட்டி இருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை. குழந்தை திறக்க முடியாத மூடி, காலி பாட்டில் திரும்பி வரணும். விற்பனையைப் பற்றிச் சொன்னால், வரிசையிலும் வாயில் அடக்கிக்கொண்டு போக முடியும். குடித்ததும் தண்ணீர் கொடுத்து ரெண்டு வார்த்தை பேச வைப்பது அதுக்குத்தான். ஆறு மணி ஷிஃப்ட்காரர் தினமும் ஸ்டேஷனுக்கு வரணும் என்றால் வேலையை விடுவார், இல்லை மருந்தை விடுவார்.

சிவா, கூர்ப்பிப்:
இருவரும் ஹெராயினைப் பற்றியே பேசுகிறீர்கள். பையன்கள் இப்போது புகைப்பது செயற்கைக் கஞ்சா. அதற்கு மெத்தடோன் போல மாற்று மருந்து கிடையாது. சாதாரண சிறுநீர்ச் சோதனைப் பட்டை அதைக் காட்டுவதும் இல்லை. பட்டையை நம்பி "சுத்தம்" என்று எழுதும் மையம் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறது. அங்கே ஆலோசனைதான் மருந்து, வேலன் சொல்வது முழுக்கப் பொருந்தும் இடம் அதுதான்.

வேலன், ரோஸ்ஹில்:
அப்படியானால் உறைவிடத்தை நான் விடப்போவதில்லை. ஆனால் ஹெராயின்காரர் வெளியே போகும் நாளில் கையில் அளவு மீறினால் மூச்சைத் திரும்பக் கொண்டுவரும் நலாக்சோனும், மெத்தடோன் திட்டத்தில் பதிவும் இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டு மருந்தில் இன்னும் சந்தேகம்தான்.

மீனாட்சி, வக்வா:
நலாக்சோனோடு ஒன்றைச் சொல்லியே அனுப்பணும் அண்ணா: அது ஒரு மணி நேரம் போல நிற்கும், மெத்தடோன் ஒரு நாளுக்கு மேல் நிற்கும். ஆள் கண் திறந்தாலும் ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பக் கூடாது. மூன்று நாள் வராதவருக்குப் பழைய அளவை அப்படியே ஊற்றவும் கூடாது. குறைக்கணும். ஐந்து நாள் தாண்டினால் மறுபடி 20-லிருந்து.