ஒளிச் சிப்பில் வெப்பக் கசிவு: அனுபவம் உள்ளவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. மென்பொருளால் மாற்றியமைக்கக்கூடிய ஒளிச் சிப் (ஒளியைக் கொண்டு கணக்கிடும் சிப்) ஒன்றில் அணிப் பெருக்கலை (matrix multiplication) சோதித்து வருகிறேன். 8 உள்ளீடுகள், 28 மாக்-செண்டர் குறுக்கீட்டுமானிகள் (ஒளியை இரு பாதைகளாகப் பிரித்து மீண்டும் சேர்ப்பவை), 1550 நானோமீட்டர் லேசர்.

குறுக்கீட்டுமானியில் உள்ள சிறு சூடேற்றிக்கு மின்னழுத்தம் கொடுத்தால் சிலிக்கானின் ஒளிவிலகல் எண் மாறி, ஒளியின் கட்டம் (phase, அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் இருக்கும் நிலை) நகர்கிறது. அதுவரை சரி. ஆனால் வெப்பம் பக்கத்து அலைவழிகாட்டிக்கும் (ஒளி செல்லும் நுண்பாதை) பரவி, அங்கே சரிசெய்து வைத்ததையெல்லாம் கலைத்துவிடுகிறது. (ஒளியில் கணக்கிட்டால் சூடே இருக்காது என்று நினைப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.)

சூடேற்றிகளை ஒவ்வொன்றாக அளந்து, பரஸ்பரத் தாக்கத்தை ஓர் அணியாக எழுதித் திருத்துவது பலன் தருமா? அல்லது வெளியீட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் ஒருசேரச் சரிசெய்வதுதான் நல்லதா? இதே சிப்பை நுண்ணலை வடிகட்டியாகவும் (நுண்ணலைச் சமிக்ஞையில் வேண்டிய அதிர்வெண்களை மட்டும் விடுவது) பயன்படுத்தும் எண்ணம் இருக்கிறது. அப்போது இந்த அளவுத்திருத்தத்தை (calibration) முதலிலிருந்து செய்ய வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.