புதுப்பிப்பு: ஒருக்களித்துப் படுக்கும் நெட்டைக்காரனுக்கு எந்தக் காற்று மெத்தை?

உயரம் 6 அடி 2 அங்குலம், ஒருக்களித்தால்தான் தூக்கம் வரும், முதுகில் தூக்கிப்போக அரைக் கிலோவுக்குள் எந்த மெத்தை வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க. வாங்கியாச்சு, கொல்லிமலையில் மார்கழிக் குளிரில் படுத்தும் பார்த்தாச்சு.

கைகொடுத்தது ஈரோட்டு அண்ணா சொன்னதுதான்: நீளத்தை விட்டுவிட்டு அகலத்தைப் பாருங்க என்றார். நான் 196 செ.மீ. நீளத்தையே தேடிக்கொண்டிருந்தேன். ஒருக்களித்தால் முழங்கால் மடங்கிவிடுகிறது, 183 செ.மீ. தாராளம். வழக்கமான 51 செ.மீ. அகலத்தில்தான் முட்டி வெளியே போய்த் தரையில் இடிக்கும். அதனால் தெர்மரெஸ்ட் நியோஏர் எக்ஸ்லைட் என்எக்ஸ்டியில் ‘ரெகுலர் வைட்’ எடுத்தேன். அகலம் 64 செ.மீ., தடிமன் 7.6 செ.மீ., ஆர் மதிப்பு (தரைக் குளிரை மெத்தை எவ்வளவு தடுக்கும் என்கிற அளவு) 4.5. நம்ம பக்கத்து மலைகளுக்கு இவ்வளவு ஆர் மதிப்பு தேவையே இல்லை. இமயமலை ஆசை ஒன்று இருக்கிறது, இருக்கட்டும்.

கல்லு மாதிரி ஊதினால் தோளும் இடுப்பும் வலிக்கும். முழுக்க ஊதி, ஒருக்களித்துப் படுத்தபடியே வால்வைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விடுங்கள். தோள் அமுங்க வேண்டும், இடுப்பெலும்பு தரையைத் தொடக்கூடாது. அந்த இடத்தில் மூடிவிட்டால் சரி.

எதிர்பார்க்காதது ஒன்று: சாயங்கால வெயிலில் ஊதி வைத்தது நடுராத்திரியில் தொய்ந்துவிட்டது. ஓட்டை என்று பயந்து டார்ச் அடித்துத் தையல் ஓரமெல்லாம் தடவினேன். ஓட்டை இல்லை, குளிரில் உள்ளே காற்று சுருங்குகிறது, அவ்வளவுதான். படுக்கும்முன் ரெண்டு ஊது சேர்த்து ஊதினால் போதும்.

அப்புறம், கூடாரத் துணியில் மெத்தை வழுக்குகிறது. முள் குத்தாமலிருக்க அடியில் மெல்லிய ஃபோம் விரிப்பு போடச் சொன்னீர்களே, அதுவே இதற்கும் மருந்து.