வெள்ளெழுத்துக்கு லேசர் சிகிச்சை: முடிவு என்ன ஆனது (புதுப்பிப்பு)

48 வயதில் வெள்ளெழுத்துக்கு (வயதால் கிட்டே உள்ள எழுத்து மங்குவது) லாசிக் எனும் லேசர் கண் சிகிச்சை பயன்படுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. முதலில் கான்டாக்ட் லென்ஸ் அணிந்து ஒத்திகை பார்க்கச் சொன்ன யோசனையே கைகொடுத்தது. ஆதிக்கக் கண்ணை (மூளை அதிகம் சார்ந்திருக்கும் கண்) தூரப் பார்வைக்கே விட்டுவிட்டு, மற்றக் கண்ணைக் கிட்டே உள்ளதைப் படிப்பதற்காக 1.5 டயாப்டர் (லென்ஸின் திறனை அளக்கும் அலகு) அளவுக்குக் கிட்டப்பார்வையாக்கும் லென்ஸுடன் பழகி, தலைசுற்றல் இல்லை என்று உறுதியான பிறகே, அதே அளவில் அந்தக் கண்ணுக்கு மட்டும் லேசர் செய்துகொண்டேன். இப்போது செய்தித்தாளைக் கண்ணாடியின்றிப் படிக்கிறேன்.

ஆனால் மாத்திரை அட்டையின் வெள்ளித் தாளில் அழுத்தியிருக்கும் காலாவதித் தேதி மங்கிய வெளிச்சத்தில் இன்னும் பிடிபடுவதில்லை. நான் எதிர்பாராதது, இரவில் எதிர் வண்டிகளின் விளக்கைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டம். அதற்காகவே ஓட்டும்போது அணியத் தனிக் கண்ணாடி வாங்கினேன். லேசர் கார்னியாவின் (கண்ணின் முன்புறம் உள்ள ஒளிபுகும் படலம்) வளைவை மாற்றுகிறதே தவிர, வயதால் இறுகி வெள்ளெழுத்தை உண்டாக்கும், கண்ணுக்குள் உள்ள வில்லையைத் தொடுவதில்லை என்பதால், படிக்கும் கண்ணாடி பின்னாளில் மீண்டும் தேவைப்படலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.